கட்டைவிரலுக்கு ஒரு பெயர்

"பாரத்துல என் பேர எழுதுங்க, மாமா."

லீலாவதி உட்காரக்கூட இல்லை. ஒத்திகை மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு, கிட்டார் உறை தோளில் தொங்க, உள்ளே வந்து முதல் வார்த்தையாக இதைத்தான் சொன்னாள்.

பின்னால் வந்த அவள் அம்மா நல்லம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தோட்டத்து லய வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மகளிடம் இந்த ஒன்றைத்தான் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். "மாமாகிட்ட எத வேணும்னாலும் பேசு. சண்டகூடப் போடு. பாரத்தப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத." ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னாக் கேளு," என்றாள். அந்த வீட்டில் இது புதுச் சட்டமும் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்தே லீலாவதி கேட்டு வருவதுதான். மாமா எழுதும் விண்ணப்பக் காகிதத்தில் என்ன எழுதினார் என்று யாரும் கேட்கக் கூடாது.

மாமா என்றால் கார்த்திகேசு, நல்லம்மாளின் அண்ணன். கோலாலம்பூருக்கு வடமேற்கே, ஜெராமுக்கும் புக்கிட் பெலிம்பிங்குக்கும் நடுவே இருக்கும் அந்தச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். பிள்ளை பிறந்தவன், பெண்டாட்டி செத்தவன், சிவப்பு அடையாள அட்டையை நீலமாக்கிக் குடியுரிமை வாங்க அலைந்தவன் என்று இருபத்திரண்டு வருடங்களாக எல்லாருக்கும் அவர்தான் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தார். எந்தக் கட்டத்தில் என்ன போட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் முத்திரை குத்துவான் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஆபீசர்களுக்கே தெரியாது என்பார்கள். ஆபீஸ் இல்லாத நேரத்தில் தேன்மலர் இசைக்குழுவை நடத்தினார். கல்யாணம், திருவிழா, காதுகுத்து எதையும் விடமாட்டார்.

அவர் தலையைத் தூக்கவில்லை. மடியில் கிடந்த கிட்டாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டே, "எந்தப் பாரம்?" என்றார்.

"ரேடியோ ஸ்டேசனுக்கு அனுப்புன பாரம். கிட்டார், கார்த்திகேசு. பேஸ் கிட்டார், ராஜு. நான் எங்க?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"ஒங்க மகன்தான். வெள்ளிக்கிழம ஸ்டேசன்லேர்ந்து வந்த கடுதாசியத் தூக்கிக்கிட்டு வந்து காட்டிட்டுப் போச்சு. ரொம்பப் பெருமையா."

ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அந்த மகன் ராஜு, பேஸ் கிட்டாரின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். டோலக்கை மடியில் வைத்திருந்த அப்பளசாமிதான் சிரித்தார். "வந்தவுடனே பரீட்ச வைக்குதே பாப்பா! ஒக்காருலா. தண்ணி கிண்ணி குடி. அப்புறம் எங்கள பெயிலாக்கு."

"ஒங்களுக்குப் பரீட்சையே இல்ல அண்ணே. நீங்க வாசிக்காத பாட்டு அது."

தகரக் கூரைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி வெயில் அப்படியே இறங்கி நின்றது. அப்பளசாமியின் சிரிப்பு அதில் காய்ந்து போயிற்று.

நடந்தது இதுதான். பத்து வருடங்களுக்கு முன் கார்த்திகேசு கோயில் திருவிழாவுக்காக ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டார். எட்டு வரி. தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் வருடா வருடம் அதைக் கத்திப் பாடுவார்கள். ஆர்மோனியத்தில் ஒற்றை விரலால் வாசித்துவிடலாம், அவ்வளவு எளிது. அந்த மெட்டைத்தான் லீலாவதி கையில் எடுத்தாள். அவளுக்குக் கிட்டார் வந்தது பல்கலைக்கழக விடுதியில். அறைத் தோழி சியூ ஹுவா, செகிஞ்சானில் நெல் போடுகிறவர் மகள். அவளிடம் ஒரு பழைய கிட்டார் இருந்தது. பிக் என்கிற சின்னத் தகட்டை வைத்து வறட் வறட்டென்று இழுப்பதெல்லாம் சியூ ஹுவாவுக்கு ஆகாது. விரல்தான். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பிடிக்க, கட்டைவிரல் தடித்த கம்பிகளில் பேஸ் என்கிற அடிச்சுரம் போடும். முதலில் மெட்டை மட்டும் வாசி, தூக்கத்திலும் வரும்வரை. பிறகு ஒவ்வொரு தாள வட்டத்தின் முதல் அடிக்கும் ஒரே ஒரு பேஸ். அதுவும் கைக்குப் பழகிய பிறகு நடுவில் கிடக்கும் இடைவெளியில் கார்டின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின், மிச்ச சுரங்கள். ஒன்று பழகாமல் அடுத்தது கூடாது. இப்படித்தான் அவள் கற்றாள்.

மாமாவின் எட்டு வரிக்கு நான்கு மாதம் பிடித்தது. பகலில் கோலசிலாங்கூரில் தற்காலிக ஆசிரியை வேலை, மாலையில் இந்த எட்டு வரி. ஐந்தாவது வரிதான் அவளைப் படாத பாடு படுத்தியது. அங்கே மெட்டு ஒரே சுரத்தில் நான்கு அடி நிற்கும். பிள்ளைகள் மூச்சு முட்டி இழுக்கிற இடம். அந்த இடத்துக்கு ஒரே கார்டைப் பிடித்தால் செத்த பிணம் மாதிரிக் கிடந்தது. எத்தனையோ தடவை தட்டிப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தாள். சுண்டு விரல் முதல் கம்பியின் மூன்றாம் கட்டத்தை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, கீழே பேஸ் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு படியாக நான்கு படி இறங்கும். மேலே சுரம் அசையவில்லை. ஆனால் அதன் முகம் நான்கு தடவை மாறியது. சி கார்டில் தொடங்கியபோது சாதாரணமாக இருந்த அதே சுரம், மூன்றாவது படியில் அழுகிற மாதிரி ஆனது. அன்றைக்கு அவள் சோறு தின்ன மறந்தாள்.

மார்ச்சில் மாமா ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அந்தப் பாட்ட ஒரு தரம் வாசி. குழுவுக்குப் பழக வேணும்," என்றார். வாசித்தாள். அந்தக் கேசட்தான் வானொலி நிலையத்துக்குப் போயிருக்கிறது. பதில் வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒலிப்பதிவு. கடிதத்தின் அடியில் ஓர் அதிகாரி கைப்பட எழுதியிருந்தார்: 'இரண்டு கிட்டார்களுக்கும் இடையே உள்ள இணக்கம் பாராட்டத்தக்கது. குறிப்பாக பேஸ் இறங்கி வரும் இடம்.'

"ரெண்டு கிட்டார்," என்றாள் லீலாவதி. "வாசிச்சது நான் ஒருத்தி. ஒரு கிட்டாரு. ரெண்டு கிட்டாருன்னு எப்படிலா எழுதுனீங்க?"

கார்த்திகேசு இப்போதுதான் நிமிர்ந்தார். கோபமாகக்கூட இல்லை. ஆபீசில் வரிசையில் நிற்கிறவனுக்குச் சொல்கிற அதே குரல். "ஒரு ஆளு வாசிச்சதுன்னு போட்டா எவன் நம்புவான்? அதுவும் தோட்டத்துப் பொட்டப் புள்ள. கேசட்டக் கேட்டவன் ரெண்டு பேரு சத்தம் கேக்குதுன்னு நெனப்பான். பாரத்துல ஒரு பேரு இருந்தா, ஏமாத்துறானுங்கன்னு தூக்கிக் குப்பையில போடுவான். பாரத்துல நெசத்த எழுதக் கூடாது. நம்புற மாதிரி எழுதணும். இருபத்திரெண்டு வருசமா இதான் என் வேல."

"அப்ப என் பேரையும் இன்னொருத்தர் பேரையும் போட்டிருக்கலாமே. ஏன் ஒங்க பேரு?"

"மெட்டு யாரோடது?"

"ஒங்களோடது."

"அப்புறம் என்னா? சோறு என்னோடது. நீ போட்டது கறிவேப்பில."

அப்பளசாமி டோலக்கில் ஒரு தட்டுத் தட்டினார், நகைச்சுவைக்குத் தாளம் போடுகிறவர் மாதிரி.

"அந்த ஆபீசரு கடுதாசியில சோத்தப் பத்தி ஒரு வார்த்த எழுதல மாமா," என்றாள் லீலாவதி. "கறிவேப்பிலையப் பத்திதான் எழுதியிருக்காரு. பத்து வருசமா ஒங்க மெட்ட தோட்டம் பூரா பாடிச்சு. எந்த ரேடியோ கூப்புட்டுச்சு?"

"லீலா!" நல்லம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "பெரியவங்ககிட்ட என்னா பேச்சு இது? நெகத்த வளத்து வச்சிருக்கா பாருண்ணே, பேய் மாதிரி. படிப்பு ஏறுனதும் வாயும் ஏறிருச்சு."

"நெகம் இல்லாம கம்பிய எப்படி மீட்டுறதாம்? பல்லாலயா?"

ராஜு வாயைத் திறந்தான். அவன் கெட்டவன் இல்லை. ரவாங்கில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் வந்து போவான். லீலாவதிக்கு முறைப்பையன். இரண்டு வீட்டிலும் பேசி வைத்தாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவளைக் கேட்காமலே. "இதுல என்னா இருக்கு லீலா? தை மாசம் கல்யாணம் ஆயிட்டா நீ யாரு, நான் யாரு? என் பேரு போட்டா ஒன் பேரு போட்ட மாதிரிதான."

"அப்ப என் பேரப் போடு. ஒன் பேரு போட்ட மாதிரிதான."

அவன் முகம் சிவந்தது. "அத்தான்னு கூப்புடு மொதல்ல. நீ, வா, போன்னு."

"நீ வாசி மொதல்ல. வாசிக்காத பாட்டுக்குப் பேரு வாங்கிட்டு, கூப்புடுற முறைக்குச் சண்டைக்கு வர்ற."

"சரி, போதும்." கார்த்திகேசு கிட்டாரைப் பக்கத்தில் வைத்தார். "நடக்க வேண்டியதப் பாப்போம். புதன்கிழமைக்கு மூணு நாளுதான். நீ ஒக்காந்து பேஸ் எங்கெங்க விழுதுன்னு ராஜுவுக்குச் சொல்லிக் குடு. மேல் கம்பிய நான் பாத்துக்கிறேன். ரெண்டா பிரிச்சு வாசிச்சிருவோம். ஸ்டேசன்ல அவங்க கேட்டதும் ரெண்டு கிட்டாருதான்."

லீலாவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. அவளுடைய ஒரு கையை இரண்டாக வகுந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். வகுந்து கொடுக்கக் கத்தி பிடிக்க வேண்டியதும் அவளே.

"முடியாது," என்றாள்.

"முடியாதா?"

"முடியாது. நான் வந்து வாசிக்கிறேன். ஒரே ஆளா. மெட்டு கார்த்திகேசுன்னு நானே சொல்றேன். கிட்டார் லீலாவதின்னு அவங்க சொல்லட்டும். பாரத்துல தப்பா எழுதிட்டோம்னு நீங்க ஒரு கடுதாசி குடுங்க."

"தப்பா எழுதிட்டேன்னு நான் கடுதாசி குடுக்கணும்." கார்த்திகேசு அதை மெதுவாகத் திரும்பச் சொன்னார். பிறகு தங்கையைப் பார்த்தார். "நல்லம்மா, நீ இன்னும் இவகிட்ட சொல்லலியா?"

நல்லம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். "அண்ணே, வேணாம்ண்ணே."

"என்னா சொல்லல?" என்றாள் லீலாவதி.

"ஒன்னோட யுனிவர்சிட்டி பாரம் யாரு எழுதுனா?"

"நீங்கதான். அதத்தான் அஞ்சு வருசமா இந்தத் தோட்டம் பூரா சொல்லிக் காட்டுதே."

"அதுல பள்ளிக்கூடத்துக்கு வெளிய சாதிச்சது என்னான்னு ஒரு கட்டம் இருந்திச்சு. மத்த புள்ளைங்க பக்கம் பக்கமா எழுதுவானுங்க. நீ என்னா பண்ணியிருந்த? வெறும் படிப்பு. வெறும் கட்டத்தப் பாத்தா எடுக்க மாட்டானுங்க. மாநில அளவுப் பேச்சுப்போட்டியில ரெண்டாவது பரிசுன்னு போட்டேன். இந்திய இளைஞர் மன்றத்துச் செயலாளர்னு போட்டேன். அப்ப இந்தத் தோட்டத்துல இளைஞர் மன்றமே கெடையாது. ஆபீஸ் முத்திரைய நானே குத்தி, கையெழுத்தும் நானே போட்டேன்." அவர் கைகளைத் துண்டில் துடைத்தார். "நெசத்ததான் எழுதணும்னா, நீ இன்னிக்கு ஒங்கப்பன் சோமு பின்னால செம்பனைப் பழம் பொறுக்கிக்கிட்டு இருப்ப. நம்புற மாதிரி எழுதுனதுனாலதான் டீச்சரு. இப்ப எனக்கே பாடம் எடுக்குற."

அப்பளசாமி டோலக்கை மெல்லத் தரையில் இறக்கி வைத்தார். அவருக்கே இதற்குத் தாளம் கிடைக்கவில்லை.

லீலாவதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. ஆக, இதுதான் அந்தச் சட்டத்தின் அடியில் கிடந்தது. பட்டம் வாங்கிய அன்று தோட்டத்தில் கிடா வெட்டினார்கள். கூட்டத்துக்கு நடுவே மாமா மாலை போட்டார். அப்பா அழுதார். அவள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அந்தக் கழுத்து இப்போது தன்னால் குனிந்தது. மூன்று வருடம் நூலகத்தில் கண் எரியப் படித்தது பொய் இல்லை, தேர்வு எழுதியது பொய் இல்லை. ஆனால் உள்ளே நுழைந்த கதவை யாரோ கள்ளச் சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள்.

"சொல்லிக் குடுத்துடும்மா," என்றாள் நல்லம்மாள். குரல் கெஞ்சியது. "ஒரு பாட்டுதான. போனா போவுது."

லீலாவதி உறையிலிருந்து கிட்டாரை எடுத்தாள். ராஜுவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. வரி வரியாகக் கட்டைவிரலை மட்டும் வாசித்துக் காட்டினாள். ராஜு பேஸில் அதைப் பிடித்தான். மெட்டு இல்லாமல் அது வெறும் டும் டும் என்று கேட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அடுத்து எது?" ஏன் அது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஐந்தாவது வரியில், "இங்க ஏன் எறங்குது?" என்று கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். "சி, பி, ஏ, ஜி. ஈசிலா," என்றான். கார்த்திகேசு மெல்லிய கம்பிகளில் மெட்டையும் இடைச்சுரங்களையும் பிடித்துக்கொண்டார். அவருக்கு நல்ல விரல். அதை அவளால் மறுக்க முடியாது.

"வாங்க, சேத்துப் பாப்போம்," என்றார் அவர்.

வாசித்தார்கள்.

அவர்களால் முடியாது என்றுதான் கடைசி நிமிடம்வரை அவள் நம்பியிருந்தாள். இரண்டு கையும் ஒரே உடம்பில் இருந்தால்தான் அந்தப் பாட்டு நிற்கும், பிரித்தால் நொண்டும் என்று. நொண்டவில்லை. முதல் இரண்டு வரி கொஞ்சம் தடுமாறியது. பிறகு ஓடத் தொடங்கியது. ராஜுவின் பேஸ் ஒலிபெருக்கி வழியாகத் தரையில் இறங்கிப் பாதத்தைத் தொட்டது. அவளுடைய கட்டைவிரலுக்கு அந்தக் கனம் என்றைக்கும் வந்ததில்லை. மாமாவின் மெட்டு அவள் வாசித்ததைவிடச் சுத்தமாக விழுந்தது. ஐந்தாவது வரி வந்தது. மேலே அந்த ஒற்றைச் சுரம் நின்றது, கீழே நான்கு படி இறங்கியது. மூன்றாவது படியில் வாசல் பக்கம் நின்ற அம்மா தன்னை அறியாமல், "ஐயோ, எவ்வளவு நல்லாருக்கு," என்றாள்.

லீலாவதி தன்னுடைய வேலையை வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நான்கு மாதம் அவள் தட்டித் தட்டித் தேடிய ஒவ்வொரு சுரமும், கழித்துக் கட்டிய நூறு சுரங்களும், தோலுரிந்த விரல் நுனியும் அதில் இருந்தன. அவள் இல்லாமலும் அது வாழும். அதைத் தெரிந்துகொண்ட இடத்தில் அவளுக்குக் கோபம் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. முன்பு அது சூடாக இருந்தது, இப்போது குளிர்ந்து கெட்டியாயிற்று. யாரால் வாசிக்க முடியும் என்பதில்லை பேச்சு. யார் செய்தது என்பதுதான். எட்டாவது வரி முடிவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"பாத்தியா?" கார்த்திகேசுக்கு வியர்வை வழிந்தது, முகமெல்லாம் பல். "ரெண்டு பேரு வாசிச்சாத்தான் பாட்டுக்குத் தெம்பு. பாரத்துல எழுதுனது இப்ப நெசமாயிருச்சு."

"அந்த எறங்குற எடத்த நான் கொஞ்சம் மாத்திக்கிறேன்பா," என்றான் ராஜு. "நாலு படிக்குப் பதிலா ரெண்டு. ரொம்ப அழுமூஞ்சியா இருக்கு."

"ஒன் இஷ்டம்லா. பேஸ் ஒன்னோடதுதான."

லீலாவதி கிட்டாரை உறைக்குள் வைத்து மூடினாள். மெதுவாக, ஒவ்வொரு பொத்தானாக.

"மாமா, புதன்கிழம பத்து மணிக்கு நானும் அங்க இருப்பேன்."

"வா, வா. லோரியில எடம் இருக்கு. மெசின் பக்கத்துல ஒக்காந்து கேளு."

"கேக்க வரல. ஒங்களுக்கு முன்னால போயி அந்த ஆபீசரப் பாப்பேன். கேசட்டப் போடச் சொல்லுவேன். அது முடிஞ்சதும் அவரு முன்னாலயே ஒரே ஆளா வாசிச்சுக் காட்டுவேன். ரெண்டையும் கேட்டுட்டு எது நெசம்னு அவரு சொல்லட்டும்."

கார்த்திகேசின் பல் மறைந்தது. "நீ வாயத் தொறந்தா, நானும் தொறப்பேன். பேச்சுப்போட்டிய மறந்துட்டியா?"

"தொறங்க. யுனிவர்சிட்டிக்கே எழுதிப் போடுங்க. பொய்யச் சொன்ன வாயி ஒங்களோடது, முத்திர ஒங்களோடது, கையெழுத்து ஒங்களோடது. நான் எழுதுனது பரீட்ச மட்டும்தான். அவங்க பட்டத்தத் திருப்பிக் கேட்டா குடுத்துட்டு வந்து பழம் பொறுக்குறேன். அதுக்குப் பயந்து வாழ்நாளு பூரா ஒங்க பாரத்துக்குள்ள ஒக்காந்திருக்க முடியாது."

"லீலா, தை மாசம்..." என்று ராஜு எழுந்தான்.

"தை மாசம் ஒனக்கு நல்லா நடக்கட்டும். பொண்ணு பேர மட்டும் சரியா எழுதச் சொல்லு, கல்யாணப் பத்திரிகைய ஒங்கப்பாதான் எழுதுவாரு."

"திமிரு புடிச்ச கழுத," என்றார் கார்த்திகேசு. "இந்தத் தோட்டத்துல எவன் வீட்டு வாசல்லயும் இனி நீ ஏற முடியாது. சோமு மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்குவான்? யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். அப்பாவின் முகம்தான் அந்த எட்டு வரி முழுவதும் கண்முன் நின்றது. இருந்தும் உறையின் வாரைத் தோளில் மாட்டினாள்.

வாசலில் நல்லம்மாள் மறித்து நின்றாள். "போவாதடி. அண்ணன் மனசு வச்சாத்தான் நமக்கு இங்க மனுசன்னு பேரு. சொன்னாக் கேளு."

"நல்லாருக்குன்னு சொன்னீங்களேம்மா, மூணாவது படியில," என்றாள் லீலாவதி. "அது யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதான சொன்னீங்க?"

நல்லம்மாள் நிலைக்கால்மேல் கையை வைத்துக்கொண்டாள். விலகவில்லை. லீலாவதி பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, கிட்டார் அம்மாமேல் இடித்துவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். செருப்பு வெயிலில் சுட்டது. செகிஞ்சான் போகிற பஸ் நாலே முக்காலுக்கு. சியூ ஹுவா வீட்டில் மூன்று இரவு தங்கலாம். செவ்வாய்வரை அங்கிருந்தே பள்ளிக்குப் போய்வரலாம், புதன்கிழமை முதல் பஸ்ஸில் கோலாலம்பூர் வானொலி நிலையம். உள்ளே மறுபடியும் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஐந்தாவது வரியில் ராஜு இரண்டே படி இறங்கினான். செம்மண் சாலையில் அவள் நடையை எட்டிப் போட்டாள்.